மிச்சிகன் டவுன்ஷிப் போர்டு: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீடு வாங்கிய முதல் வருடம் யாரும் என்னிடம் டவுன்ஷிப் என்ற உள்ளாட்சியைப் பற்றிக் கேட்பதில்லை. இரண்டாம் வருடம்தான் போன் வரும். "அண்ணா, மாசத் தவணை திடீர்னு அறுநூறு டாலர் ஏறிடுச்சு. பேங்க்ல ஏதோ தப்புப் பண்ணிட்டாங்கபோல" என்பார்கள். பேங்கில் தப்பு ஒன்றும் இருக்காது. பிப்ரவரியில் டவுன்ஷிப்பிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கும். விளம்பரக் கடிதங்களோடு அதுவும் ஓரமாகப் போயிருக்கும். மார்ச்சில் நேரில் போய்ப் பேச ஒரு இடம் இருந்தது. அந்த நாளும் தாண்டியிருக்கும்.

டவுன்ஷிப் விஷயத்தில் பாதி வேலை, எந்தக் கதவை எந்த நாளில் தட்டுவது என்று தெரிந்திருப்பதுதான். விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் "நமக்குத்தான் ஓட்டு இல்லையே" என்று ஒதுங்கி நிற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். ஓட்டுப் போடுவது குடிமக்களுக்கு மட்டும், உண்மைதான். ஆனால் கூட்டத்தில் உட்கார, எழுந்து பேச, ஆவணம் கேட்டு வாங்க, வரி மதிப்பீட்டை எதிர்க்க ஓட்டுரிமை வேண்டியதில்லை.

முதலில், நீங்கள் இருப்பது எந்த ஊர்?

இது சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப்பெயர் பல சமயம் தபால் நிலையத்தின் பெயர்தான். ஆன் ஆர்பர் என்று முகவரி எழுதும் பலர் உண்மையில் பிட்ஸ்ஃபீல்டு டவுன்ஷிப்பில் இருக்கிறார்கள். சொத்து வரி பில்லின் மேலே எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ, அதுதான் உங்கள் உள்ளாட்சி.

டவுன்ஷிப் என்பது நிலத்தை அளந்தபோதே பிறந்தது. 1785-இல் வந்த நில அளவைச் சட்டம், பக்கத்துக்கு ஆறு மைல் என்று சதுரம் சதுரமாக நிலத்தைப் பிரித்தது. ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு சதுர மைல் அளவில் 36 பிரிவுகள். இன்றும் பெரிய சாலைகள் மைலுக்கு ஒன்றாகக் கோடு போட்டதுபோல் ஓடுவது அதனால்தான். மிச்சிகனில் 83 கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 1,240 டவுன்ஷிப்புகள் இருக்கின்றன. சிலவற்றில் சோள வயல்தான் அதிகம். கிளின்டன் டவுன்ஷிப்பிலோ 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. சட்டப்படி இரண்டு வகை உண்டு: பொதுச் சட்ட டவுன்ஷிப், 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் சார்ட்டர் டவுன்ஷிப். உங்களுடையது எது என்று பெயரிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

போர்டில் யார் யார்

போர்டில் ஐந்து பேர் அல்லது ஏழு பேர். சூப்பர்வைசர், கிளார்க், டிரஷரர் மூவரும் கட்டாயம் உண்டு. மீதி இருப்பவர்கள் டிரஸ்டிகள் எனப்படும் உறுப்பினர்கள், இரண்டு பேர் அல்லது நான்கு பேர். எல்லோருமே மக்கள் ஓட்டில் வந்தவர்கள், நான்கு வருடப் பதவி.

நம்மவர்கள் இங்கே ஒரு தப்புக் கணக்குப் போடுவார்கள். கிளார்க் என்றதும் ஆபீசில் தட்டச்சு செய்பவர் என்று நினைப்பார்கள். இங்கே கிளார்க் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரி. தேர்தலை நடத்துவதும், தீர்மானங்களையும் கணக்குப் புத்தகத்தையும் வைத்திருப்பதும் அவர். அதேபோல் சூப்பர்வைசரை மேயர் என்று நினைத்துக்கொண்டு எல்லாக் குறையையும் அவரிடமே கொட்டுவார்கள். அவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார், ஆனால் அவருக்கும் ஒரு ஓட்டுத்தான். போர்டு எடுத்த முடிவைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் கிடையாது. டிரஷரர் வரி வசூலித்துப் பணத்தைக் காப்பவர். டவுன்ஷிப் செக்கில் கிளார்க், டிரஷரர் இருவர் கையெழுத்தும் வேண்டும். கணக்கு எழுதுபவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் வேறொருவர் என்ற இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

தனியாக ஒரு டிரஸ்டியைப் பிடித்துப் பேசினால் காரியம் முடியாது. போர்டு கூடி, ஓட்டெடுத்தால்தான் எதுவும் நடக்கும். அதற்காகப் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் உங்கள் விஷயத்தைப் பொருளாகச் சேர்க்கச் சொல்லி அவரிடம் கேட்கலாம்.

எதை எங்கே கேட்பது

மாநிலச் சட்டம் ஒவ்வொரு டவுன்ஷிப்பும் செய்தே ஆகவேண்டும் என்று சொல்வது மூன்று வேலைகள்: சொத்து மதிப்பீடு, வரி வசூல், தேர்தல். தீயணைப்பு, குடிநீர், கழிவுநீர், பூங்கா, நில உபயோக விதிகள், சத்தம் பற்றிய உள்ளூர்ச் சட்டம் எல்லாம் அந்தந்த டவுன்ஷிப்பின் வசதியையும் விருப்பத்தையும் பொறுத்தவை. சொந்தமாகப் போலீஸ் வைத்திருக்கும் டவுன்ஷிப்பும் உண்டு, கவுண்டி ஷெரிஃபுடன் ஒப்பந்தம் போட்டுக்கொண்டதும் உண்டு.

சாலைக் குழியோ டவுன்ஷிப் வேலையே அல்ல. 1931-இல் வந்த மெக்னிட் சட்டம் டவுன்ஷிப் சாலைகளையெல்லாம் கவுண்டியிடம் ஒப்படைத்துவிட்டது. மார்ச்சில் பனி உருகிக் குழி விழுந்ததும் டவுன்ஷிப் ஆபீசுக்குப் போன் போட்டுச் சத்தம் போடுபவர்கள் தப்பான வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். உங்கள் கவுண்டியின் ரோடு கமிஷனுக்கோ சாலைத் துறைக்கோதான் அந்தப் புகார் போகவேண்டும். டவுன்ஷிப் விரும்பினால் கவுண்டிக்குப் பணம் கொடுத்து ஒரு சாலையைச் சீர்செய்யச் சொல்லலாம். அப்படிச் செய்யச் சொல்லி போர்டைக் கேட்பது நியாயமான கேள்வி. பள்ளிக்கூடமும் தனி, பள்ளி மாவட்டத்துக்கு அதற்கென்று ஒரு போர்டு, அதற்கென்று தேர்தல்.

பிப்ரவரிக் கடிதம்

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

கடிதத்தில் இரண்டு எண்கள் இருக்கும். 'அசெஸ்டு வேல்யூ' என்பது டவுன்ஷிப் மதிப்பீட்டாளர் கணக்குப்படி உங்கள் வீட்டின் சந்தை மதிப்பில் பாதி. 'டாக்ஸபிள் வேல்யூ' என்பதுதான் வரி போடும் மதிப்பு. 1994-இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட 'புரபோசல் ஏ' திருத்தத்தின்படி, ஒரே உரிமையாளரிடம் வீடு இருக்கும்வரை இந்த இரண்டாவது எண் வருடத்துக்கு 5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இதில் எது குறைவோ அதற்குமேல் ஏற முடியாது. வீட்டைப் புதிதாக விரிவாக்கிக் கட்டினால் மட்டும் அந்தப் பகுதி தனியாகச் சேரும். ஆனால் வீடு கைமாறினால், அடுத்த வருடம் இந்தப் பூட்டு திறந்துகொள்ளும். வரிக்குரிய மதிப்பு ஒரே தாவலில் அசெஸ்டு வேல்யூ அளவுக்கு ஏறிவிடும்.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விற்றவர் இருபது வருடம் இருந்தவர். அவருடைய வரிக்குரிய மதிப்பு 95,000 டாலர். அந்த ஊரில் எல்லாம் சேர்த்து 36 மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில் என்றால் ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஒரு டாலர். அவர் கட்டியது வருடத்துக்கு 3,420 டாலர். நீங்கள் வாங்கியது 4 லட்சத்துக்கு. அசெஸ்டு வேல்யூ 2 லட்சம் என்றால் உங்கள் வரி 7,200. வித்தியாசம் 3,780, அதாவது மாதம் 315 டாலர். பேங்க் முதல் வருடம் பழைய வரியை வைத்தே எஸ்க்ரோ (வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணம்) பிடித்திருக்கும். பிறகு பற்றாக்குறையையும் ஒரு வருடத்தில் சேர்த்து வசூலிக்கும்போது, மாதத்துக்கு இன்னொரு 315. இப்படித்தான் அந்த அறுநூறு டாலர் போன் எனக்கு வருகிறது. ஆகவே வீடு பார்க்கும்போது விற்பவர் கட்டிய வரியை நம்பாதீர்கள். அசெஸ்டு வேல்யூவை ஊரின் மில் கணக்கால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள்.

வாங்கியதும் இரண்டு படிவங்கள். சொத்து கைமாறியதைத் தெரிவிக்கும் படிவத்தை 45 நாட்களுக்குள் டவுன்ஷிப் மதிப்பீட்டாளரிடம் கொடுக்க வேண்டும். தவறினால் நாளுக்கு 5 டாலர் வீதம் 200 டாலர் வரை அபராதம். இன்னொன்று 2368 எண்ணுள்ள படிவம், நீங்களே குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான சலுகை. பள்ளி நடைமுறைச் செலவுக்கான 18 மில் வரை இதில் குறையும். கோடை பில்லிலேயே குறைய வேண்டுமென்றால் ஜூன் 1-க்குள், குளிர்கால பில்லுக்கு நவம்பர் 1-க்குள். வீட்டு விற்பனைப் பத்திரங்களை முடித்துக் கொடுக்கும் கம்பெனி அனுப்பிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். டவுன்ஷிப்புக்கு ஒரு போன் போட்டு, வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள்.

மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் போகவேண்டிய இடம் மார்ச் மாதம் கூடும் 'போர்டு ஆஃப் ரிவ்யூ'. டவுன்ஷிப் போர்டு நியமித்த உள்ளூர்க்காரர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள். கடிதத்திலேயே நாளும் நேரமும் போட்டிருக்கும். வறுமை காரணமான சலுகைக்கு அங்கே தனி விண்ணப்பம் உண்டு; மற்றபடி மதிப்பீட்டை எதிர்க்கும்போது "வரி கட்ட முடியவில்லை" என்று பேசிப் பயனில்லை. அதில் அவர்கள் பார்ப்பது மதிப்பை மட்டும். முந்தின டிசம்பர் 31 அன்று வீடு என்ன விலை பெறும் என்பதே கேள்வி. பக்கத்தில் விற்ற மூன்று நான்கு வீடுகளின் விலை, சதுர அடி, கூரை பழையதா, அடித்தளத்தில் தண்ணீர் வந்ததா என்று படங்களோடு ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் கொடுத்த விலையையே அப்படியே சந்தை மதிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று சட்டமே சொல்கிறது. போட்டி போட்டு அதிகம் கொடுத்து வாங்கியவர்களுக்கு இது உதவும். அங்கே சரியாகவில்லை என்றால் ஜூலை 31-க்குள் மாநில வரித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் வீட்டுக்கு, மார்ச்சில் எதிர்ப்புச் சொல்லாமல் நேராக அங்கே போக முடியாது.

பில் வருடத்துக்கு இரண்டு. கோடை பில் ஜூலையில் வந்து செப்டம்பர் 14-க்குள், குளிர்கால பில் டிசம்பரில் வந்து பிப்ரவரி 14-க்குள் கட்ட வேண்டும். மார்ச் 1 ஆனதும் பாக்கி கவுண்டி டிரஷரரிடம் போய்விடும்.

பட்ஜெட்டை எப்படிப் படிப்பது

வரி பில்லில் டவுன்ஷிப் பெயர் இருக்கிறது என்பதால் அவ்வளவு பணமும் டவுன்ஷிப்புக்கு என்று நினைக்க வேண்டாம். டிரஷரர் எல்லோருக்காகவும் வசூலிக்கிறார்: கவுண்டி, பள்ளி மாவட்டம், கல்லூரி, நூலகம், மாநிலக் கல்வி வரி 6 மில். பொதுச் சட்ட டவுன்ஷிப்பின் பொதுச் செலவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மில்லுக்கு அக்கம்பக்கம். பில்லை எடுத்து, டவுன்ஷிப் பெயர் உள்ள வரிகளை மட்டும் பேனாவால் வட்டமிட்டுக் கூட்டிப் பாருங்கள். நான் முதல்முறை செய்தபோது, இத்தனை குறைந்த பணத்திலா தீயணைப்பு வண்டி ஓடுகிறது என்று ஆச்சரியமாக இருந்தது.

இன்னொரு பெரிய வரவு மாநில விற்பனை வரியில் வரும் பங்கு. மாநில அரசியல் சட்டப்படி அது மக்கள்தொகைக் கணக்கில் பிரிகிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்புப் படிவம் வரும்போது, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரைச் சேர்க்கலாமா, வாடகைக்கு இருக்கிறோமே என்றெல்லாம் குழம்பி விட்டுவிடாமல், விதியைப் படித்து ஒழுங்காக நிரப்புங்கள். விடுபட்ட ஒவ்வொரு ஆளுக்கும் பத்து வருடம் உங்கள் ஊருக்குப் பணம் குறைகிறது.

பட்ஜெட் புத்தகத்தில் பணம் தனித்தனிப் பெட்டிகளில் இருக்கும். பொது நிதி ஒன்று. தீயணைப்புக்கென்று மக்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்த மில்லேஜ் (மில் கணக்கில் போடும் வரி) தனிப் பெட்டி. அதிலிருந்து பூங்காவுக்கு எடுக்க முடியாது. குடிநீர், கழிவுநீர் நிதியும் தனி, நீங்கள் கட்டும் தண்ணீர் பில்லில் ஓடுவது. 1978-இல் வந்த ஹெட்லி திருத்தம் காரணமாகப் புதிய வரிக்கு வாக்காளர் சம்மதம் வேண்டும். ஊரின் மொத்த மதிப்பு விலைவாசியைவிட வேகமாக ஏறினால் மில் விகிதம் தானாகக் குறைக்கப்படும். ஒரு மில் என்று ஆரம்பித்த வரி இன்று பில்லில் 0.8 சொச்சமாக நிற்பதன் காரணம் அதுதான்.

பட்ஜெட்டை நிறைவேற்றும் முன் பொது விசாரணை நடத்தியே ஆக வேண்டும். குறைந்தது ஆறு நாள் முன்பு உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். பல டவுன்ஷிப்புகளின் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது, சிலவற்றில் ஜனவரி அல்லது ஜூலை. உங்களுடையதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இரண்டு மாதம் முன்பே போய்ப் பேசுங்கள். விசாரணை நாளில் எழுந்து "நடைபாதை வேண்டும்" என்றால் தலையாட்டுவார்கள். அதற்குள் எண்கள் எல்லாம் உறைந்து போயிருக்கும். நான் எப்போதும் பார்ப்பது மூன்று இடங்கள்: போன வருடம் ஒதுக்கியதும் உண்மையில் செலவானதும், நிதி இருப்பு கூடுகிறதா கரைகிறதா, வருடத்தின் நடுவில் எத்தனை முறை பட்ஜெட்டைத் திருத்தினார்கள். தணிக்கை அறிக்கையை மாநிலக் கருவூலத் துறை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

கூட்டத்துக்குப் போகும் நாள்

கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலையே டவுன்ஷிப் இணையதளத்தில் நிகழ்ச்சி நிரலைத் தேடுங்கள். பல ஊர்களில் அதோடு முழு ஆவணக் கட்டும் இருக்கும். நூறு பக்கத்துக்கு மேல் கூடப் போகும். உங்களுக்கு வேண்டிய பொருளை மட்டும் படித்தால் போதும். 'கன்சென்ட் அஜெண்டா' என்று ஒன்று இருக்கும். வழக்கமான பில்கள், சென்ற கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே ஓட்டில் முடித்துவிடுவார்கள். அதற்குள் உங்களைப் பாதிக்கும் ஒப்பந்தம் இருந்தால், தனியாக எடுத்து விவாதிக்கச் சொல்லி ஒரு டிரஸ்டிக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போடுங்கள்.

1976-ஆம் ஆண்டுத் திறந்த கூட்டச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கூட்டத்துக்கு வர யாரும் பெயர் பதிய வேண்டியதில்லை. பேச உரிமை உண்டு. நேர வரம்பை அவர்கள் வைக்கலாம், பெரும்பாலும் மூன்று நிமிடம். சிறப்புக் கூட்டம் என்றால் 18 மணி நேரம் முன்பாவது அறிவிப்பு ஒட்ட வேண்டும். கூட்டக் குறிப்பின் வரைவு எட்டு வேலை நாளில் கிடைக்க வேண்டும்.

மூன்று நிமிடம் குறைவு என்று தோன்றும். எழுதி, வீட்டில் சத்தமாகப் படித்துப் பாருங்கள்; போதும். நான் முதல்முறை மைக் முன் நின்றபோது கை நடுங்கியது. என் ஆங்கிலம் அவர்களுக்குப் புரியுமா என்ற பயம் வேறு. முடித்து உட்கார்ந்ததும் பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டி, நான் பேசிய வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லித் தன் நோட்டை நீட்டினார். நான் அதில் படம் வரைந்து கொடுத்தேன். அப்புறம் பயம் வரவில்லை. போர்டு அங்கேயே பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம், பொதுவாக அதுதான் வழக்கம். பதில் வேண்டுமென்றால் மறுநாள் மின்னஞ்சலில் கேளுங்கள். ஆவணம் தேவையென்றால் தகவல் அறியும் சட்டப்படி எழுத்தில் கேட்கலாம். ஐந்து வேலை நாளில் பதில் வர வேண்டும், இன்னொரு பத்து வேலை நாள் அவர்கள் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் பின்னால் அபார்ட்மெண்ட் வருகிறது என்றால்

மக்கள் கூட்டமாக வருவது இதற்குத்தான், பெரும்பாலும் தாமதமாக வருவதும் இதற்குத்தான்.

நில உபயோகத்தை முதலில் பார்ப்பது பிளானிங் கமிஷன். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று வகுத்திருக்கும் மண்டலத்தை (ஜோனிங்) மாற்றும் விண்ணப்பமோ சிறப்பு உபயோக அனுமதியோ வந்தால், 300 அடிக்குள் இருக்கும் உரிமையாளர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் குறைந்தது 15 நாள் முன்பு கடிதம் வரும். வாடகைக்கு இருப்பவருக்கும் அந்தக் கடிதம் உண்டு. கமிஷன் பரிந்துரை செய்யும், மண்டல மாற்றத்தை முடிவு செய்வது போர்டு.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான் எல்லாம். ஊர் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் மாஸ்டர் பிளானை எழுதும்போது உங்கள் பேச்சுக்கு அதிக இடம் உண்டு. மண்டல மாற்றத்தின்போதும் உண்டு, போர்டு அங்கே 'வேண்டாம்' என்று சொல்லலாம். ஆனால் மண்டலம் ஏற்கனவே அபார்ட்மெண்டை அனுமதிக்கிறது, இப்போது தளவரைபடம் மட்டும்தான் வந்திருக்கிறது என்றால், விதிகளுக்குப் பொருந்தும் வரைபடத்தை அவர்கள் ஏற்றே ஆக வேண்டும். நூறு பேர் வந்து எதிர்த்தாலும் சட்டம் அதுதான்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் சோயா வயலாக இருந்த நிலத்துக்கு இப்படி ஒரு விண்ணப்பம் வந்தது. அரங்கம் நிறைந்து, நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றோம். ஒருவர் பின் ஒருவராக, போக்குவரத்து கூடும், வீட்டு விலை குறையும் என்றே பேசினோம். கமிஷன் உறுப்பினர்கள் முகத்தில் மாற்றமே இல்லை. ஓய்வுபெற்ற ஒரு அம்மா மட்டும் ஏப்ரல் மாதத்தில் தன் பின்வாசலில் தண்ணீர் நின்ற படங்களைத் தேதியோடு பெரிதாக அச்சிட்டு அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். நான்கு வருடத்துப் படங்கள். வேலியின் மூன்றாவது பலகை வரை தண்ணீர். அப்போதுதான் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பொறியாளரைப் பார்த்து வடிகால் கணக்கை மறுபடி போடச் சொன்னார். விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. திரும்பி வந்தபோது வீடுகள் குறைந்திருந்தன, மழைநீர்க் குளம் எங்கள் பக்கமிருந்து நகர்ந்திருந்தது. உள்ளூர் மண்டலச் சட்டத்தில் எந்தெந்த அளவுகோல்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் பேச்சை அந்த வரிசையிலேயே அமையுங்கள்.

போர்டு மண்டல மாற்றத்தை நிறைவேற்றிவிட்டாலும் ஒரு வழி மிச்சம் இருக்கிறது, ஆனால் வேகம் வேண்டும். அறிவிப்பு வெளியான ஏழு நாளுக்குள் எதிர்மனு கொடுக்கப்போவதாக கிளார்க்கிடம் எழுதித் தர வேண்டும். முப்பது நாளுக்குள் கையெழுத்துகள் சேர்க்க வேண்டும். அந்தப் பகுதியில் கடைசி ஆளுநர் தேர்தலில் விழுந்த ஓட்டுகளில் 15 சதவீதம் அளவுக்கு, பதிவான வாக்காளர்களின் கையெழுத்து தேவை. சேர்ந்தால் விஷயம் மக்கள் ஓட்டுக்குப் போகும்.

சிறப்பு மதிப்பீடு, தேர்தல்

குடியிருப்புச் சாலையைச் செப்பனிட, கழிவுநீர்க் குழாய் போட, பயன்பெறும் வீடுகளுக்கு மட்டும் டவுன்ஷிப் செலவைப் பிரித்து வசூலிக்கலாம். இதற்குப் பெயர்தான் சிறப்பு மதிப்பீடு. விசாரணைக்கு அழைப்பு வந்தால் நேரில் போயோ கடிதமாகவோ எதிர்ப்பைப் பதியுங்கள். அங்கே பதியாமல் விட்டால் பின்னால் வரித் தீர்ப்பாயத்தில் கேட்க முடியாது. வருடக்கணக்கில் தவணையாக வரும் தொகை என்பதால், வீடு வாங்கும் முன்பே இப்படிப் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று டிரஷரர் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

குடியுரிமை பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. போர்டுத் தேர்தல் அதிபர் தேர்தலோடு சேர்ந்து நவம்பரில் வருகிறது, அடுத்தது 2028. கட்சி அடிப்படையில் நடப்பதால், ஒரே கட்சி வலுவாக உள்ள ஊர்களில் யார் சூப்பர்வைசர் என்பது ஆகஸ்ட் மாத முதல்நிலைத் தேர்தலிலேயே முடிந்துவிடுகிறது. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கும் நேரம் அது. தபால் ஓட்டுக்கான விண்ணப்பத்தை ஜூன் மாதத்திலேயே கிளார்க் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.